மலாயாப் பிரம்பும் வெள்ளவத்தை அலையும்

வகுப்பு அமைதியாக இருந்தால் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைப்பது இளம் ஆசிரியைகளுக்கு வருகிற ஒரு நோய். எனக்கு அது இருபத்திரண்டு வயதில் வந்தது. கொஞ்சம் கடுமையாகவே வந்தது. கடைசியில் இலங்கை இராணுவம் தலையிட்டுத்தான் சுகமாக்க வேண்டியிருந்தது.

யுத்த காலம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாம் ஆண்டு வரைக்கும்தான். என்னுடைய இரண்டாம் ஆண்டு வகுப்பின் ஜன்னலைத் திறந்தால் முதலில் தண்டவாளம், பிறகு கருங்கற்கள், பிறகு கடல். ரயில் போகும்போது கரும்பலகை நடுங்கும். பின்னேரத்துக்குக் கிட்டவாக வெளிச்சம் தண்ணீரில் பட்டு வகுப்பின் கூரையில் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கத் தொடங்கினால் நான் அந்த அறையில் இல்லை. (“டீச்சர் திரும்பவும் போயிட்டா” என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்வார்கள். ஆள் கதிரையில்தான் இருப்பேன்.)

நான் கடலுக்குப் போய்விட்ட நேரங்களில் வகுப்பு சந்தையாகிவிடும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் அதிபர் மிசிஸ் அருளம்பலம் வருவார். எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். கையில் பிரம்பு இருக்கும். அவருடைய தகப்பனார் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். தேன் நிறம், பிடியில் ஒரு வெள்ளிப் பூண். உண்மையைச் சொன்னால் அவர் அடிப்பது குறைவு. பிரம்பை வராந்தாச் சுவரில் உரசிக்கொண்டு நடந்து வருவார். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் நிமிர்ந்து இருப்பேன்.

நான் அங்கே தற்காலிக ஆசிரியை. வேலை நிரந்தரமாவது எனக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். காரணம் கனடாவில் இருந்தது. அப்பா கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கராக இருந்தவர்; எதையும் தவணை போட்டுத்தான் பேசுவார். “பிள்ளை, இந்தத் தவணை முடியிறதுக்குள்ள வேலை நிரந்தரமாகாட்டி, மாமா கேட்ட போட்டோவை அனுப்புவம். அதுக்குப் பிறகு அப்பீல் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமா ஸ்காபரோவில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவர் இருக்கிற இடத்தில் கடல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியைகளுக்கான ஒரு கருத்தரங்குக்குப் பெரிய டீச்சர் என்னை அனுப்பினார். (மற்றவர்களுக்கு அன்று வேலை இருந்தது.) கூட்டத்தில் பேசிய அம்மாள் சொன்னதெல்லாம் என் காதில் தேவகானமாக விழுந்தது. பிழை செய்கிற பிள்ளையைத் தேடித் திரியாதீர்கள், நல்லது செய்கிற பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். எப்படி நடக்க வேண்டும் என்பதையும் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக் கொடுங்கள், செய்து காட்டுங்கள், செய்ய வையுங்கள். செய்த உடனே பாராட்டுங்கள். நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்கே போய்விட்டேன். அவ்வளவு யோசனை.

அடுத்த நாள் காலையிலேயே பெரிய டீச்சரிடம் போய், என் வகுப்புக்குப் பிரம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“பிரம்பு வேண்டாமெண்டா வேற என்னத்தை வைச்சுச் சமாளிக்கப் போறீர்?”

“அன்பை, டீச்சர்.”

“அது எங்க விக்கிது?” என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். “சரி, செய்து பாரும். தவணைக் கடைசியில கொட்டாஞ்சேனையில பாட்டுப் போட்டி இருக்குதெல்லே. உம்மட வகுப்பைத்தான் கூட்டிக்கொண்டு போறன். போய்த் திரும்புமட்டும் இந்தப் பிரம்புக்கு வேலை வரேல்லையெண்டா, உமக்கு வேலை நிரந்தரம். வந்துதெண்டா, நீர் கனடாவுக்குப் போறதுதான் நல்லம்.” (கனடா விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வெள்ளவத்தையில் அது ஒரு கேள்வியே இல்லை.)

அப்படித்தான் அலை பிறந்தது. நான் இரண்டு கைகளையும் மெதுவாகத் தலைக்கு மேலே தூக்குவேன். அலை எழும்புகிறது. பிள்ளைகளும் தூக்க வேண்டும், வாயை மூட வேண்டும். நான் கையை இறக்கும்வரை அலை நிற்கும். நான் இறக்கினால்தான் அவர்கள் இறக்கலாம். கை இரண்டும் மேலே இருந்தால் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ள முடியாது, பென்சிலால் குத்த முடியாது. எவ்வளவு பெரிய மூளை எனக்கு என்று நானே வியந்துகொண்டேன். முதலில் தூக்குகிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். பால்மாப் பக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாளில் வெட்டியது, சோற்றுப் பசை போட்டுச் சட்டையில் ஒட்டுவது.

அது எப்படி வேலை செய்தது என்கிறீர்கள்! நான் கையை உயர்த்தியதும் வகுப்பு முழுவதும் கைகள் எழும்பும். சத்தம் அப்படியே வடிந்துபோகும். ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் கேட்கும். கூரையில் வெளிச்சம் ஆடும், அதற்குக் கீழே அத்தனை சின்ன விரல்கள். எனக்கு இறக்க மனம் வராது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். பின்வாங்கிலிருந்து “டீச்சர், கை நோகுது” என்று ரமணன் சொன்ன பிறகுதான் தரைக்கு வருவேன்.

ரமணன் ஒழுங்கை முனைப் பலசரக்குக் கடைக்காரரின் மகன். கடையில் நின்று பழகியதால் வாய்நிறையச் சிங்களமும், வாய் ஓயாத தமிழும் அவனிடம் இருந்தன. அவனையே அலை அடக்கிவிட்டது. ஒருநாள் அவனுடைய தகப்பனார் என்னை வழிமறித்தார். “டீச்சர், நான் இவனை ஏசத் தொடங்கினா ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்கிறான். எனக்குப் பேந்து ஏச வருதில்லை. என்ன செய்யிறது?” இன்னொரு தாய், கோயிலில் தீபாராதனை நேரம் எல்லோரும் கையைத் தூக்கி அரோகரா சொல்ல, தன் பிள்ளை கையைத் தூக்கிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டதாகவும், அப்படியொரு பக்தியைத் தான் கண்டதே இல்லை என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

ஆனால் என்னுடைய பெருமையெல்லாம் தர்சினிதான். தவணை நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. தாயோடு ஒரு லொட்ஜில் தங்கி வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தாள். கதைக்கவே மாட்டாள். அவள் வந்த முதல் நாள் நான் ஒன்றும் விளக்கவில்லை; சும்மா அலையை எழுப்பினேன். மற்றவர்கள் புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவளுடைய கைகள் மேலே இருந்தன. நேராக, உள்ளங்கை இரண்டும் என்னைப் பார்த்தபடி, கண் நிலத்தில். நான் ஆனந்தத்தில் உருகிப்போனேன். “பாருங்கோ பிள்ளையள், தர்சினி எவ்வளவு வடிவாச் செய்யிறா எண்டு!” அன்றிலிருந்து முதல் நட்சத்திரம் அவளுக்குத்தான். சட்டையில் இடம் போதாமல் கழுத்துப்பட்டியிலும் ஒட்டினேன். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. கூச்சம் என்று நினைத்தேன். (அந்த வயதில் எனக்கு எல்லாமே எனக்குப் பிடித்த மாதிரித்தான் தெரிந்தது.)

பாட்டுப் போட்டி நாள் வந்தது. ஒரு வாடகை பஸ். சாரதி சுனில் அய்யே (சிங்களத்தில் அண்ணன்), முன் ஆசனத்தில் பெரிய டீச்சர், அவர் மடியில் மலாயாப் பிரம்பு. பிரம்பை ஏன் கொண்டுவருகிறார் என்று நான் கேட்கவில்லை. பந்தயத்துக்குச் சாமான் வேண்டும்தானே.

பிள்ளைகள் ஏறியதிலிருந்து பாடிக்கொண்டே வந்தார்கள். கடல் காற்று முகத்தில் அடித்தது. நான் ஜன்னலோரம் இருந்து, முதல் பரிசு வாங்குவதையும், பெரிய டீச்சர் கண் கலங்குவதையும், கனடாவில் ஒரு முகம் தெரியாத மனிதர் ஏமாற்றத்தில் பனியைத் தள்ளுவதையும் பார்த்துக்கொண்டு வந்தேன். கோட்டைப் பக்கம் திரும்புகிற இடத்துக்குக் கிட்டவாக, பஸ் நின்றதைக் கவனிக்கவில்லை.

செக்பொயின்ட். மண்மூட்டை, தகரப் பீப்பாய், வழக்கமான காட்சி. ஒரு ஆமிக்காரன் கையில் துவக்கோடு பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தான். பிள்ளைகள் பாட்டின் உச்சத்தில் நின்றார்கள். செக்பொயின்ட்டில் தமிழில் இரகசியம் பேசவே யோசிக்கிற காலம் அது. பெரிய டீச்சர் பிரம்போடு எழுந்து, பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “சத்தத்தை நிப்பாட்டும்! கெதியா!”

நான் நிப்பாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில்.

அந்த ஆமிக்காரன் படியில் காலை வைத்து உள்ளே தலையை நீட்டவும், பஸ் நிறைய இருந்த அத்தனை பேரும் ஒரு சத்தமில்லாமல் இரண்டு கைகளையும் தூக்கவும் சரியாக இருந்தது. ஜன்னலோரங்களில் கைகள். சீட்டுகளுக்கு மேலால் கைகள். பின்னால் யார் வருவது என்று திரும்பிப் பார்த்த பெரிய டீச்சர், துவக்கைக் கண்டதும் தன்னையறியாமல் தானும் தூக்கினார், வலக்கையில் பிரம்பு. கண்ணாடியில் எங்களைக் கண்ட சுனில் அய்யேயும், என்னவோ ஏதோ என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தூக்கினார்.

ஆமிக்காரன் மிரண்டுபோனான். இருபது வயதுகூட இருக்காது. அவன் வெளியே பார்த்துக் கத்தினான். சப்பாத்துச் சத்தம் ஓடி வந்தது. பஸ்ஸைச் சுற்றி நான்கைந்து பேர். எல்லோருடைய துவக்கும் எங்களைப் பார்த்தபடி. அவன் கையைக் கீழே போடச் சொல்கிறான் என்பது எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? துவக்குக்கு முன்னால் முதலில் கையை அசைக்கிற ஆளாக நான் இருக்கத் தயாரில்லை. நான் இறக்காமல் பிள்ளைகள் இறக்க மாட்டார்கள். பிள்ளைகள் இறக்காமல் ஆமி துவக்கை இறக்காது. இப்படியே உலகம் நின்றுபோனது. பாராட்டிப் பாராட்டிப் பழக்கிய அமைதி அது. எங்கேயோ ஒரு காகம் கத்தியதுகூடக் கேட்டது. என் வாழ்க்கையிலேயே ஆகத் திறமான அலை அன்றைக்குத்தான் எழும்பியது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மீசை வைத்த பெரியவர் ஒருவர் ஏறினார். பொறுப்பில் இருப்பவர்போல. பஸ்ஸை ஒருமுறை முன்னிருந்து பின்வரை பார்த்தார். முன்னால் இருந்த ரமணனிடம் குனிந்து, கையைத் தூக்கச் சொன்னது யார் என்று சிங்களத்தில் கேட்டார். ரமணன் என்னைப் பார்த்தான். அலை நிற்கும்போது கதைக்கக் கூடாது. ஆனால் கேட்பது ஆமி. சின்ன மனப்போராட்டத்துக்குப் பிறகு ஒரு சொல் சொன்னான்.

“டீச்சர்.”

பெரியவர் நிமிர்ந்தார். அவருக்கு முன்னால், வெள்ளைச் சேலையும் கண்ணாடியுமாக, கையில் ஒரு முழுநீளப் பிரம்பை ஓங்கியபடி மிசிஸ் அருளம்பலம் நின்றுகொண்டிருந்தார்.

அந்த மனிதரின் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மெதுவாகக் கையை நீட்டி, பெரிய டீச்சரின் பிடியிலிருந்து பிரம்பைக் கழற்றி எடுத்தார். பிறகு கோபமாகக்கூட இல்லை, மனவருத்தமாகச் சொன்னார்: “அனே நோனா, பொடி லமயின்ட கஹன்ட எபா.” சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்க வேண்டாம், அம்மணி.

வெள்ளவத்தையில் பாதிப் பேரைக் கண்டித்து வளர்த்தவர் பெரிய டீச்சர். அவரைக் கண்டித்த ஆள் அதுவரை பிறக்கவில்லை. அவருக்கு அருமையான சிங்களம் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வெறுங்கையைத் தூக்கியபடியே நின்றார். தனக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு மகள் இருப்பதாக அந்தப் பெரியவர் சொன்னார். தன்னுடைய ஆட்களைப் பார்த்து ஏதோ சொல்ல, துவக்குகள் கீழே போயின. மலாயாப் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் இறங்கப் போனபோதுதான் ரமணனின் வாய் திறந்தது.

“டீச்சர், அந்தச் சின்ன ஆமி மாமாவும் கதைக்காம நிண்டவர். அவருக்கு ஸ்டார் இல்லையோ?” சொன்னதோடு விடாமல், அதைச் சிங்களத்திலும் சொல்லிவிட்டான்.

படியில் நின்ற அந்தப் பெடியன் என்னைப் பார்த்தான். நான் கைப்பையைத் திறக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டு, உலகத்திலேயே ஆக மெதுவாக அதைத் திறந்து, ஒரு வெள்ளித்தாள் நட்சத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

நட்சத்திரம் எடுக்கும்போதே என் கைகள் இறங்கிவிட்டன. பிள்ளைகளும் இறக்கிவிட்டார்கள். பஸ் புறப்பட்டது. சிரிப்பும் சத்தமும் திரும்பி வந்தன. நான் நிம்மதியாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

தர்சினியின் கைகள் மட்டும் இறங்கவில்லை. நேராக, உள்ளங்கை இரண்டும் முன்னால் தெரியும்படி, கண் நிலத்தில். முதல் நாள் என் வகுப்பில் நின்றது போலவே. அலையை அவளுக்கு நான் படிப்பிக்கவே இல்லை. அவள் அதை வரும் வழியில் எங்கேயோ படித்துக்கொண்டு வந்திருந்தாள். நான் அதற்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடுகிற பஸ்ஸில் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய கைகளைப் பிடித்து நான்தான் இறக்கிவிட்டேன். குளிர்ந்துபோய் இருந்தன. கொட்டாஞ்சேனை வரும்வரை அவற்றை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பெரிய டீச்சர் பிரம்புக்காக நான் அழுவதாக நினைத்து, “பரவாயில்லை, விடும்” என்றார்.

போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் பாட்டைத் தொடங்கிவைக்கக் கையைத் தூக்க வேண்டும். எனக்குத் தூக்கத் துணிவில்லை. கண்ணால் சைகை காட்டினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது ஒவ்வொரு நேரத்தில் விளங்கியது. அதனால் ஒரே பாட்டு ஐந்தாறு இடத்திலிருந்து புறப்பட்டு, ஐந்தாறு இடத்தில் முடிந்தது. கடைசியாக முடித்தது ரமணன், தனியாக. கடைசி இடமும் எங்களுக்குத்தான்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கனடாவில் குளிருக்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

“புதுப் பிரம்பு ஒண்டு வாங்கப் போறியளோ டீச்சர்?” என்று மெல்லக் கேட்டேன்.

“எங்க வாங்கிறது? அது அப்பா மலாயாவில இருந்து கொண்டுவந்தது.” மேசையில் பிரம்பு வைக்கிற இடத்தைத் துடைத்தார். “அந்த மனுசன் என்னைப் பார்த்த பார்வை, பிள்ளை... நான் பிள்ளையளை அடிச்சுக் கொல்லுறன் எண்டு நினைச்சிட்டான். ராத்திரி முழுக்க நித்திரை இல்லை.” பிறகு பழைய குரல் வந்துவிட்டது. “பிரம்புக்கு வேலை வரேல்லைத்தானே. சொன்ன சொல்லு சொன்னதுதான். நீர் நிரந்தரம். ஆனா அந்தக் கை தூக்கிற விளையாட்டு இனி இந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கப்படாது.”

“நானும் அதைத்தான் சொல்ல வந்தனான், டீச்சர்.”

வகுப்புக்குப் போய், அலைக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். விசில் என்றான் ரமணன். மணி என்றது இன்னொன்று. தர்சினி கதைத்தாள். அந்த வகுப்பில் அவள் தானாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

“மூக்கைத் தொடுவம், டீச்சர்.”

“ஏன் மூக்கை?”

“சிரிப்பு வரும்” என்றாள்.

வந்தது. ஒரு வகுப்பு முழுக்கச் சுட்டுவிரலால் மூக்கைத் தொட்டுக்கொண்டு வாயை மூடி நிற்கப் பாருங்கள். யாராலும் முடியாது. அமைதி என்று ஒன்றும் பெரிதாக வரவில்லை. களுக், களுக் என்று சிரிப்புத்தான். நான் அதற்கும் நட்சத்திரம் ஒட்டினேன், முதலாவது தர்சினிக்கு. தவணை முடிந்ததும் தர்சினியும் தாயும் போய்விட்டார்கள். நோர்வே என்று யாரோ சொன்னார்கள்.

கதை மட்டும் போகவில்லை. அப்பா அதைப் புதுக்கடையில் ‘பிரம்பு வழக்கு’ என்று பெயர் வைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் வாதாடிக் காட்டினார். நான் இங்கேயே கலியாணம் செய்தேன், கடலைப் பார்த்தபடி. எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரைப் பார்த்து வாயை மூடு என்று சொல்வதில்லை. மூக்கைத் தொடுவோம், அவ்வளவுதான். என் கணவர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே பாவிக்கிறார், முக்கியமாக நான் இந்தக் கதையைத் தொடங்கும்போது.

போன வருடம் மகளின் கலியாணம், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். நான் மணவறைக்குப் பக்கத்தில் தட்டோடு நின்று, பூவைப் பற்றி ஒருவரோடும் மேளத்தைப் பற்றி இன்னொருவரோடும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். சபையில் நடுவரிசையில் ஒரு பெண், மடியில் ஒரு சின்னப் பிள்ளை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. அவள் சுட்டுவிரலை எடுத்து மெதுவாக மூக்கில் வைத்தாள்.

நான் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு மூக்கைத் தொட்டேன். அதைக் கண்ட என் கணவர் தொட்டார். மகள் தாலிக்குக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து தொட்டாள். எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் தொட்டது. படம் பிடிக்கிறவர் அந்த நேரம் பார்த்துக் கமராவை அமத்திவிட்டார்.

அல்பத்தில் அந்தப் படம் முழுப்பக்கத்துக்கு இருக்கிறது. மாப்பிள்ளையின் தாயும் அதில் பயபக்தியோடு மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். “உங்கட பக்கத்து முறையாக்கும் எண்டு நினைச்சன்” என்று பிறகு சொன்னார். நாங்கள் திருத்தவில்லை. நடுவரிசையில், மாப்பிள்ளை பக்கத்து உறவாக நோர்வேயிலிருந்து வந்த தர்சினி, விரல் மூக்கில், வாய்நிறையச் சிரிப்பு.

அவளுக்கு நான் ஒட்டியவற்றுக்குள் மூக்குக்காக ஒட்டிய அந்த ஒரு நட்சத்திரம்தான் சரி.